பின்பக்கம் எஞ்சின் உள்ள வீடு

ரோஸ்பர்க், ஆரிகன்
மார்ச் 9

அன்புள்ள தம்பி லானிக்கு,

அக்கா ட்வைலா எழுதுவது. இங்கே நானும் மழையும் சௌக்கியம். அங்கே நீயும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற சிறைத் தபால் அறை அதிகாரியும் சௌக்கியம்தானே? (ஐயா, நீங்கள் திருப்பி அனுப்பிய வண்ணப் படப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின் இருந்தது குற்றம் என்று சீட்டு ஒட்டியிருந்தீர்கள். அதை வைத்து என் தம்பி சுவரைக் குடைந்து தப்பிப்பான் என்று நினைத்தீர்களானால், அவனை உங்களுக்குத் தெரியவில்லை. என் சமையலறையில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னதற்கு ஒரு கோடைக்காலம் முழுக்க யோசித்தவன் அவன்.)

படம் போச்சு, இனி எல்லாம் வாய்ப்பந்தல்தான். விஷயம் இது: வீட்டை விற்றுவிட்டேன். பதறாதே. நீ பதறுகிற ஜாதி இல்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மூன்று படுக்கையறை. ஒன்றில் நான், ஒன்றில் உன் அத்தான் மெர்லுடைய தூண்டில்கள், ஒன்றில் யாருமே இல்லை. யாருமே இல்லாத அறைக்குத்தான் ஹீட்டர் அதிகம் ஓடுகிறது. மே மாதம் சாவியைக் கொடுக்க வேண்டும். காலி பண்ண ஆரம்பித்துவிட்டேன். ஃப்ரீசரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், அடியில் என்னென்ன பிராணிகள் உறைந்து கிடக்கின்றனவோ.

செப்டம்பரில் நீ வெளியே வருகிறாய். உன் மேற்பார்வை அதிகாரி அம்மாள் போன வாரம் போன் பண்ணினார்.

"விடுதலையானதும் உங்க தம்பி எங்கே தங்குவார்?"

"என்கூடத்தான்."

"உங்ககூடவா?"

அப்புறம் காகிதம் புரட்டுகிற சத்தம் மட்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் யார், பக்கத்து இருக்கையில் செத்துப் போனவர் யாருடைய புருஷன் என்றெல்லாம் அந்தக் காகிதங்களில் எழுதியிருக்குமே.

"அந்த ட்வைலா ஹாஸ்கின்ஸ்தானா நீங்க?"

"அந்த ட்வைலாதாம்மா. இன்னொருத்தியை இந்த ஊர் தாங்காது."

அவர் சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போதே சிரிக்காதவர்களாகப் பார்த்து எடுப்பார்கள் போலிருக்கிறது.

ஆக, யோசனை இதுதான். ஒரு வீட்டு வண்டி வாங்கப் போகிறேன், கட்டிலும் சமையலறையும் உள்ளேயே இருக்கிற பஸ். பழசு. டீசல். எஞ்சின் பின்பக்கம், நம் பள்ளி பஸ் மாதிரி. வீட்டு வண்டிகள் மாத வாடகைக்கு நிற்கிற திடல் ஒன்று ஊர் எல்லையில் இருக்கிறதல்லவா, அதில் இடம் பிடித்தால் அதையே முகவரியாக ஏற்றுக்கொள்வார்களாம். மேற்பார்வைக் காலம் முடிகிறவரை நீ மாநிலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கப்புறம் போகலாம். எங்கே என்று கேட்காதே. முதலில் வண்டி.

நாற்பதாயிரம் டாலர். அதற்கு மேல் ஒரு டாலர்கூடக் கிடையாது. அந்தக் காசுக்குக் கிடைக்கிற டீசல் வண்டிக்கெல்லாம் ஓட்டுப் போடுகிற வயசு எப்போதோ ஆகியிருக்கும். பெட்ரோல் வண்டி வாங்கினால் புதுசாகக் கிடைக்கும் என்கிறார்கள் நம் பஸ் டெப்போவில். அந்த எஞ்சின் முன்னால், முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தும். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகள் பின்னால் கத்த, பஸ் ஓட்டிப் பழகியவள் நான். சத்தம் பின்னாலேயே இருக்கட்டும்.

ஊரிலேயே நல்ல டீசல் மெக்கானிக்கை அரசாங்கம் உள்ளே வைத்திருக்கிறது. அதனால் தபாலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் எதை எதைப் பார்க்கணும், எழுது.

இப்படிக்கு உன் அன்பு அக்கா,
ட்வைலா


மார்ச் 23

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சௌக்கியம். சலவைக்கூடத்தில்தான் வேலை.

பார்க்க வருகிறேன் என்று போனில் சொல்லும்போதே, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீர்கள் என்று சொல்லிவிடு. போனதும் சோபா, திரைச்சீலை எதையும் பார்க்காதே. நேராகப் பின்னால் போய் மூடியைத் திறந்து எஞ்சின் மேல் கையை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு. சூடாக்கி வைத்தால் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் ஓடும். ஜில்லென்று கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால்தான் அதன் சங்கதி தெரியும். முதலில் வெள்ளைப் புகை வரும். வரலாம். ஆனால் நின்றுவிட வேண்டும். நீலமாக வந்தால் ஆயில் குடிக்கிறது.

டயர் ஓரத்தில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பார்க்கப் புதுசாக இருந்தாலும் பழைய வருஷம் என்றால் ஆறு டயரையும் மாற்ற வேண்டும். அதை விலையில் கழி.

வாசல் பக்கத்துத் தரையைக் குதிகாலால் அழுத்து. அமுங்கினால் மழை உள்ளே போயிருக்கிறது. வெளியே ஒரு மூலையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் நீளத்துக்கும் பார். உப்பியிருந்தால் வேண்டாம்.

எலி நாற்றத்தை மறைக்க வாசனை போட்டிருப்பார்கள். வாசனை அடித்தாலே சந்தேகப்படு.

சோபாவுக்கு சீட் பெல்ட் இருக்கிறதா என்று பார்.

லானி


ரோஸ்பர்க்
ஏப்ரல் 16

அன்புள்ள லானி,

உன் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மெட்ஃபோர்டு போனேன். பெரிய விற்பனை மைதானம். கொடிகள், பலூன், இலவச ஹாட் டாக். விற்பனைக்காரர் முகத்தில் பல் வைத்தியர் விளம்பரத்திலிருந்து கழற்றி மாட்டிய மாதிரி ஒரு சிரிப்பு.

"வாங்க மேடம், உள்ளே வந்து சமையலறையைப் பாருங்க!"

"பின்னாடி வழி எது?"

"உள்ளே கிரானைட் மேடை, மேடம்!"

"கிரானைட்டையா ஓட்டப் போறேன்?"

கையை வைத்தேன். சுட்டது.

"காலைல கொஞ்சம் நகர்த்தி நிறுத்தினோம்" என்றார்.

"எங்கேருந்து?"

"அதோ, அங்கேருந்து."

அதோ என்பது ஒரு முப்பதடி இருக்கும். "முப்பதடி நகர்த்தினதுக்கா முட்டை பொரிக்கிற சூடு?" என்றேன். அந்தச் சிரிப்பு கழன்று விழுந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே திரும்பிவிட்டேன். அதாவது, திரும்புவதற்கு முன் ஹாட் டாக் சாப்பிட்டேன். உள்ளேயும் ஒரு எட்டு பார்த்தேன், ஆசை யாரை விட்டது. கட்டிலுக்கு நேர் மேலே கூரை முழுக்க முகம் பார்க்கிற கண்ணாடி! காலையில் கண் விழித்ததும் என்னை நானே மேலிருந்து பார்ப்பதற்கு நான் காசு வேறு தர வேண்டுமாம். இலவசமாகவே என்னால் தாங்க முடியவில்லை.

எஞ்சின் மேல் கையை வைத்தபோது டெப்போ ஞாபகம் வந்தது. விடியாத நேரம், மழை. நான் ஸ்டார்ட் பண்ணுவேன். நீ பின்னால் நின்று புகையைப் பார்ப்பாய். சரியாக இருந்தால் உள்ளங்கையால் பின் தகட்டில் இரண்டு தட்டு. அந்தச் சத்தம் சீட் வழியாக முதுகில் கேட்கும். கேட்டால்தான் கியர் போடுவேன். உடனே ரேடியோவில், பஸ்களை அனுப்புகிற மேசையிலிருந்து மெர்ல், "ஏழாம் நம்பர், புறப்பட்டாச்சா, இல்ல உதட்டுச் சாயம் பூசறியா?" என்று இருமுவார். இப்போதிருக்கிற மெக்கானிக் தட்டுவதில்லை. போனில் கட்டைவிரல் படம் அனுப்புகிறான். அதைப் பார்க்க நான் மூக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது.

சோபா பெல்ட் பார்க்க மறந்துவிட்டேன். சோபாவில் உட்கார்ந்து யார் பயணம் பண்ணப் போகிறார்கள்? இருப்பது நாம் இரண்டு பேர்.

அன்பு அக்கா,
ட்வைலா


மே 2

அக்காவுக்கு,

திரும்பி வந்தது சரி. ஹாட் டாக் சாப்பிட்டதும் சரி.

இங்கே ஒரு உலர்த்தும் இயந்திரத்தில் பேரிங் போய்க் கத்துகிறது. ஒரு மணி நேர வேலை. கைதி தொடக் கூடாதாம், வெளியிலிருந்து ஆள் வர வேண்டுமாம். குளிர்காலத்திலிருந்து ஆள் வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே துணி மடிக்கிறேன். முதலில் தலைவலித்தது. இப்போது ஒன்றும் இல்லை.

அடுத்த வண்டியில் சோபா பெல்ட்டைப் பார். மெத்தைக்கு அடியில் தள்ளியிருப்பார்கள். கையை விட்டுப் பார்.

லானி


ரோஸ்பர்க், மோட்டல் அறை
மே 29

அன்புள்ள லானி,

சாவியைக் கொடுத்தாயிற்று. இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் வார வாடகை மோட்டல். பக்கத்து அறைக்காரர் தினமும் விடிவதற்கு முன் எழுந்து ஒரே அலாரத்தை நாலு தடவை அணைக்கிறார். நமக்கு அண்டை வீட்டார் அமைகிற விதம் ஒரே மாதிரிதான். உன் பக்கத்து அறைக்காரர் சௌக்கியமா? என் கடிதங்களைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னாயே, கட்டணம் வசூல் பண்ணு.

ஃப்ரீசர் காலி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கூஸ் பே போனேன். ஒரு வயதான தம்பதி, கிழவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் விற்கிறார்கள். பின்னால் போய்க் கையை வைத்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. கிழவர் மகிழ்ந்து போனார். "யாரோ விஷயம் தெரிஞ்சவன் சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார். "என் தம்பி" என்றேன். "எங்கே வேலை?" என்றார். "அரசாங்கத்தில்" என்றேன்.

கதவில் அமெரிக்கா வரைபடம். போய் வந்த மாநிலத்தையெல்லாம் வண்ணத்தில் ஒட்டுகிற பழக்கம் இந்த வண்டிக்காரர்களுக்கு. கடந்து போனால் ஒட்டக் கூடாதாம், ஒரு ராத்திரியாவது அங்கே தூங்கியிருக்க வேண்டுமாம். இவர்கள் வரைபடத்தில் நெவாடா மட்டும் பாதி ஒட்டி, பாதி சுரண்டிக் கிடந்தது. கேட்டேனோ இல்லையோ, இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் தூங்கினேன், அதனால் ஒட்டலாம்" என்கிறார் கிழவி.

"நான் விடியவிடிய சீட்டாட்டத்தில் முழிச்சிருந்தேன், அதனால் ஒட்டக் கூடாது" என்கிறார் கிழவர்.

"தோத்துட்டு வந்த மனுஷனுக்கு மாநிலம் ஒரு கேடா!"

எனக்கு அந்தச் சண்டையையும் சேர்த்து வாங்கிவிடலாம் போலிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வாசல் பக்கம் குதிகாலால் அழுத்தினேன், கொஞ்சம் ரொட்டி மாதிரி அமுங்கியது. ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது பக்கம் சாய்ந்திருக்குமாம், வண்டியைத் தாங்குகிற காற்றுப் பையில் ஓட்டை. "மனுஷனே இந்த வயசுல நேரா நிக்கறதில்ல" என்றார் கிழவர். ஆனால் ஸ்டார்ட் ஒரே சுற்றில்.

அதைவிட முக்கியம், முன்னால் வலது பக்கத்து நாற்காலி. லானி, அது நாற்காலி இல்லை, சிம்மாசனம். தோல் உறை, கை வைக்கப் பலகை, ஒரு பட்டனை அழுத்தினால் கால் நீட்டிக்கொள்ளத் தனி மெத்தை எழும்புகிறது. பார்த்ததும் உன்னை அதில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டேன். மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு, மெர்ல் மாதிரியே, திருப்பம் தாண்டிய பிறகு "அங்கே திரும்பியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டு.

பெல்ட் பார்த்தேனா என்று கேட்காதே. சிம்மாசனம் இருக்கிறவனுக்கு சோபா எதற்கு?

அடுத்த வாரம் மறுபடி போய் விலை பேசலாம் என்றிருக்கிறேன். சரி என்று ஒரு வரி எழுது.

அன்பு அக்கா,
ட்வைலா


ஜூன் 10

அக்கா,

அந்த வண்டி வேண்டாம். வாசல் பக்கம் அமுங்கினால் அடியில் இரும்புச் சட்டமும் துருப்பிடித்திருக்கும். அதற்காக மட்டும் சொல்லவில்லை.

அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் சோபா பெல்ட்டைக் கேட்டது அதற்காகத்தான். முன்னால் வலது பக்கம் என்னால் உட்கார முடியாது. அங்கே உட்கார்ந்திருந்தவரை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. உனக்குத் துடைத்து, மூடி, பிறகுதான் காட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக மாதம் தவறாமல் எழுதுகிறாய். ஒவ்வொன்றிலும் சிரிக்க வைக்கிறாய். பக்கத்து அறைக்காரன் உன் கடிதம் வரும் நாளைக் காத்திருந்து கேட்கிறான். ஆனால் நான் எப்போது கையை வைத்தாலும் சூடாகவே இருக்கிறது. நான் வருவதற்கு முன்னாலேயே ஓட்டி, சூடாக்கி வைத்துவிடுகிறாய். ஒரு தடவைகூட ஜில்லென்று கிடக்கும்போது நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளே என்ன சத்தம் என்று தெரியாது. தெரியாமல் எப்படி ஏறுவது?

போர்ட்லாண்டில், வெளியே வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி இருக்கிறது. மனு போட்டிருக்கிறேன். நீ உனக்குப் பிடித்த வண்டியை வாங்கு. எனக்காக வாங்காதே.

லானி


ஜூலை 1

லானி,

கேட்டாய். எழுதுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்கள். சரி என்றேன். காபி வேண்டுமா என்று கேட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார். ஒருவர் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு அடுப்பைத் திறந்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஆற்றிலிருந்து வந்ததும் சாப்பிடட்டும் என்று டூனா மீனும் நூடுல்சும் போட்டு உள்ளே வேக வைத்திருந்தேன். மேலே தீய்ந்திருந்தது. ஆறும்வரை நின்றேன். மூடி போட்டு, தேதி எழுதி, ஃப்ரீசரில் வைத்தேன். போய்ப் படுத்தேன். தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

வீட்டைக் காலி பண்ணும்போது அது அடியில் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இப்போது வரும் என்று நினைத்தேன். பனி கரைந்து மேசையெல்லாம் தண்ணீர் ஓடியது. துடைத்தேன். பாத்திரத்தோடு குப்பையில் போட்டேன். வேறு ஒன்றும் வரவில்லை.

உன் மேல் கோபமா என்று கேட்கிறார்கள். மன்னித்துவிட்டாயா என்றும் கேட்கிறார்கள், தேவாலயத்துக்காரர்கள். தேடிப் பார்க்கிறேன். இரண்டும் இல்லை. பல் வைத்தியர் ஊசி போட்ட பிறகு நாக்கால் துழாவுவோமே, அப்படித்தான் இருக்கிறது. பல் இருக்கிறது. அது என்னுடையதாகத் தெரியவில்லை.

வேடிக்கையாக எழுதுவது உன்னை ஏமாற்ற இல்லை. அதை நிறுத்தினால் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது நிறுத்திப் பார்த்தாயிற்று. மிச்சம் இவ்வளவுதான்.

உன்னை ஏன் வரச் சொன்னேன் என்றால், ரேடியோவில் அந்த மனுஷன் இருமுவது எப்படியிருக்கும் என்று தெரிந்த ஆள் நீ ஒருவன்தான் எனக்கு மிச்சம். ஊரில் என் முன்னால் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. நீயும் ஆறு வருஷமாக எழுதியதில்லை. அவர்கள் மறந்துவிட்டு எடுப்பதில்லை. நீ அப்படி இல்லை என்று நினைத்தேன்.

நாற்காலியை நான் யோசிக்கவில்லை. கூஸ் பே வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போர்ட்லாண்ட் என்றாலும் சரி.

ட்வைலா


ஜூலை 20

அக்கா,

கடிதம் கிடைத்தது. பக்கத்து அறைக்காரனுக்குப் படித்துக் காட்டவில்லை. இந்தத் தடவை எழுதவில்லையா என்று கேட்டான். எழுதவில்லை என்றேன்.

விடுதியில் இடம் இருக்கிறதாம். விடுதலையாகிற அன்று சாயங்காலம் வரை எனக்காக ஒரு கட்டிலைப் பிடித்து வைப்பார்களாம்.

மெர்ல் அத்தான் அன்றைக்கு மீன் ஒன்றும் பிடிக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. வண்டியில் ஏறின பிறகு, வழியில் கடையில் ஒரு பெரிய மீனாக வாங்கிக்கொண்டு போய், நான்தான் பிடித்தேன் என்று ட்வைலாவிடம் சொல்லப் போகிறேன், நீ காட்டிக் கொடுக்காதே என்றார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான். கோர்ட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. கடைசியாக அவர் பேசியது உன்னைப் பற்றி என்று உனக்குத் தெரியட்டும்.

வேறு வண்டி ஏதாவது பார்த்தாயா?

லானி


ரோஸ்பர்க்
ஆகஸ்ட் 21

அன்புள்ள லானிக்கு,

முதலில் தபால் அறை ஐயாவுக்கு: போன கடிதத்தில் உங்களை நலம் விசாரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வாங்கிவிட்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம், கிளமத் ஃபால்ஸில். அங்கே மழை குறைவு, அதனால் தரை கல் மாதிரி இருக்கிறது, குதிகால்தான் வலித்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், தனக்குக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், கையசைத்தார். டயர் தேதி உனக்குப் பிடிக்கும். வாசனை ஒன்றும் போடவில்லை, நாய் வாடைதான். அதை மறைக்க வேண்டும் என்றுகூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை, அதனாலேயே நம்பினேன்.

அவர் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர். தனி ஆள். கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் வளர்த்திருக்கிறார். அது படுக்க இடம் போதவில்லை என்று முன்னால் வலது பக்கத்து நாற்காலியை அடியோடு கழற்றி எறிந்துவிட்டு, அங்கே கம்பளம் போட்டிருக்கிறார். நாய் பனிக்காலத்தில் செத்துவிட்டது. வண்டி பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "சீட் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். கடைசியில் விலையைக் குறைத்துவிட்டார்.

என்னிடமும் அவராகவே ஆரம்பித்தார். "பழைய வண்டி உடைக்கிற இடத்துல சீட்டுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். மாட்டியே தந்துடறேன்."

"வேண்டாம்."

"பக்கத்துல ஆள் உட்கார வேண்டாமா?"

"வேண்டாம். கம்பளம் இருக்கட்டும்."

புரிந்த மாதிரி தலையாட்டினார். "உங்ககிட்ட இருக்கறது என்ன நாய்?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. நீ கோபித்துக்கொள்வாய்.

சோபா ஓட்டுநருக்குப் பின்னால். மெத்தைக்கு அடியில் தோள்வரை கையை விட்டேன். நாய் மயிர், ஒரு பென்சில், ஒரு கடித்த பந்து, அதற்கும் அடியில் பெல்ட். இரண்டு. மாட்டிக்கொண்டு என் எடை முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். என் எடை உனக்குத் தெரியும், அது தாங்கினால் எதையும் தாங்கும்.

எஞ்சின் மேல் கையை வைத்தேன். என் கை அதைவிட ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன். புகையைப் பார்க்க இறங்கிப் பின்னால் ஓடினேன். நான் ஓடுகிற ஓட்டத்துக்கு, போய்ச் சேரும்போது புகை எல்லாம் போய்விட்டது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் அது குளிர்ந்த எஞ்சின் இல்லை. ஆக, வெள்ளையா நீலமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே வாங்கினேன். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

மீன் விஷயம். மெர்ல் கடையில் வாங்கி வந்து பிடித்ததாகச் சொல்வது எனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்தே தெரியும். ஒரு தடவை செதிலில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும், எந்த இடத்தில் கடித்தது, எவ்வளவு நேரம் இழுத்தது என்று கேட்டு, பதிலைக் கேட்பேன். உன் கடிதத்தைப் படித்ததும் ஏதோ கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. பிறகு நின்றுவிட்டது. இருந்தாலும் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அடுத்தது செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி விஷயம், நீ வெளியே வருகிற நாள்.

காலையில் விடுவார்கள் என்றார் அந்தச் சிரிக்காத அம்மாள். திடல் முகவரி, விடுதி முகவரி இரண்டும் அவர் கையில் இருக்கிறது. "அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எதுன்னு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, போதும்" என்றார். போனை வைக்கும்போது, "பத்திரமா ஓட்டுங்க" என்றார். நல்ல பெண்மணிதான்.

நான் முந்தின நாளே வந்துவிடுவேன். உங்கள் சிறை வாசலுக்கு எதிரே தீவனக் கடை ஒன்று இருக்கிறதாமே, அதன் மைதானத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நிறுத்தி அணைத்தால், அப்புறம் தொட மாட்டேன். அங்கே ராத்திரியில் பாலைவனக் குளிர், நன்றாக ஆறிவிடும். நீ வெளியே வந்ததும் என்னிடம் வர வேண்டியதில்லை, கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். நேராகப் பின்னால் போ. மூடியைத் திறந்து, கையை வைத்துப் பார்.

போர்ட்லாண்ட் பஸ் அதே மைதானத்து ஓரத்தில்தான் நிற்கிறது. டிக்கெட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உன் பெயரில், ஜன்னல் ஓரம்.

நீ மூடியைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் ஸ்டார்ட் பண்ணுவேன். நீ பின்னால் நின்று புகையைப் பார். இரண்டு தட்டு கேட்டால், நீ ஏறி, சோபாவில் பெல்ட் மாட்டுகிற சத்தம் வரும்வரை கியர் போட மாட்டேன். கேட்காவிட்டால், அணைத்துவிட்டு இறங்கி வந்து டிக்கெட்டைத் தருகிறேன். அதற்கு ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். வெள்ளையாக வரும். பார்த்ததும் முடிவு பண்ணாதே. நிற்கிறதா என்று பார்.

அக்கா